சம்பந்தியோடு ஒரு ஜப்பான் கோட்டைக்கு

அமெரிக்காவில் எனக்குச் சம்பந்தி இருக்கிறார். அதைச் சொல்லத்தான் ஆங்கிலத்தில் வார்த்தை இல்லை. பிரின்ஸ்டன் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் தினமும் என்னோடு ரயிலுக்கு நிற்கும் வெள்ளைக்காரர் ஒருநாள், "நேற்று உங்களைக் காரில் கொண்டுவந்து விட்டவர் யார்?" என்று கேட்டார். "என் மகளுடைய கணவனுடைய அப்பா" என்றேன். அவர் கணக்குப் போடுவதுபோல் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓ, நண்பரா!" என்று முடித்துக்கொண்டார். சம்பந்தி மிஸ்டர் ஹானிடம் இதைச் சொன்னேன். கொரிய மொழியில் இதற்கு 'சாடோன்' என்று ஒற்றைச் சொல்லே இருக்கிறதாம். சொல் இருந்து என்ன செய்ய? கல்யாணமாகி இரண்டு வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்டதே அவ்வளவுதான். என்னுடையது மருந்து கம்பெனி மீட்டிங்கில் பழகிய ஆங்கிலம். அவருடையது முப்பது வருடம் லாண்டரிக் கடை நடத்தியதில் வந்தது: சட்டை, கறை, வியாழக்கிழமை ரெடி.

போன வசந்தத்தில் இரண்டு குடும்பமும் சேர்ந்து கொரியா போனோம். பூசானில் தங்கியிருந்தபோது, அங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்திலுள்ள தன் ஊருக்குப் போகவேண்டும் என்றார் ஹான். மருமகன் உடனே கார் சாவியை எடுத்தான். "நீ வேண்டாம். சாடோன் போதும்" என்றார். என் மகள் மது என் காதோடு, "அப்பா, ஹி லைக்ஸ் யூ! ஒழுங்கா பேசிட்டு வாங்க" என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. காரில் ஏறியதுமே தமிழுக்கும் கொரிய மொழிக்கும் உள்ள தொப்புள்கொடி உறவைப் பற்றி வாட்ஸ்அப்பில் படித்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். "பாருங்கள், நீங்களும் அப்பா என்கிறீர்கள், நாங்களும் அப்பா என்கிறோம்!" அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "குழந்தைக்கு உதடு இருக்கு. எல்லா ஊர்லயும் அப்படித்தான் சொல்லும்" என்றார்.

ஊர் கடலோரத்தில் இருந்தது. பின்னால் குன்று, குன்றின் மேல் கருத்த கல்மதில்கள். அதன் அடிவாரத்தில் அவருடைய அண்ணன் வீடு. அண்ணனுக்கு எண்பதை ஒட்டிய வயது; பேரிக்காய்த் தோட்டக்காரர். என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கி, ஒரு தட்டு நிறையப் பேரிக்காய் நறுக்கி வைத்தார். பிறகு இருவரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். தம்பி எதையோ கேட்டார், அண்ணன் தலையாட்டினார். தம்பி குரல் உயர்ந்தது, அண்ணன் குரல் தாழ்ந்தது. எனக்குத் தெரிந்த கொரியச் சொல் ஒன்றே ஒன்று. எடிசனில் நான் காய்கறி வாங்கும் கொரியன் கடையில், கேட்ட பொருள் இல்லாதபோது அந்த அம்மாள் கையை விரித்து 'ஒப்சோ' என்பாள். இல்லை. அண்ணன் அந்தச் சொல்லை நாலைந்து தடவை சொன்னார். நான் பேரிக்காயைத் தின்றுகொண்டே இருந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் ஹான் எழுந்து, "வா. கோட்டை பார்க்கலாம்" என்றார்.

நானூறு வருடத்துக்கு முன் படையெடுத்து வந்த ஜப்பானியர்கள் கட்டிய கோட்டை அது. இந்தக் கடற்கரை நெடுகவே அவர்கள் இப்படிக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். மதில்கள் நேராக நிற்காமல், அடி அகன்று மேலே போகப்போகச் சாய்ந்திருந்தன. மாளிகை, கூரை எதுவும் மிச்சமில்லை. சின்ன வயதில் அந்தக் கல் இடுக்குகளில் கால்வைத்து ஏறி விளையாடியதாகச் சொன்னார். உச்சியில் புல்தரை. செர்ரி மரத்தடியில் ஒரு குடும்பம் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

எதிர்ச் சரிவில் ஒரு புது ரோட்டைக் காட்டினார். "அங்கேதான் அப்பா, அம்மா புதைச்ச இடம். ரோடு வந்தது. அண்ணன் தோண்டி எடுத்துட்டார். எரிச்சு, டவுன்ல ஒரு கட்டடத்துல, லாக்கர்ல வச்சிருக்கார். எனக்குச் சொல்லலை."

"ஏன்?"

"நான் அமெரிக்கனாம்."

செத்தபின் பெற்றோர் பக்கத்தில் தனக்கும் ஓர் இடம் கேட்கத்தான் அவர் வந்திருந்தார். வீட்டில் யாருக்கும் தெரியாது. "மகன் அழுவான். உன் மகள் கூகுள் பண்ணுவாள். உனக்குக் கொரியன் தெரியாது. அதான் உன்னைக் கூட்டிவந்தேன்."

அதுவரை இருந்த என் பெருமை அந்தப் புல்தரையிலேயே இறங்கியது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். தமிழில் எழுதுவதால் அந்த வாக்குக்குப் பங்கமில்லை. மருமகனுக்குத் தமிழ் தெரியாது, என் மகளுக்கு வாசிக்கத் தெரியாது.

ஹான் மதிலில் உள்ளங்கையால் தட்டினார். அருகே, கல்லைத் தொட்டு நகர்த்தினால் தண்டனை என்பதுபோல் ஒரு போர்டு. "ஜப்பான்காரன் வச்ச கல்லை நகர்த்தக் கூடாது. எங்கப்பாவை நகர்த்தலாம்" என்றவர், சட்டென்று மதிலோரம் மல்லாந்து படுத்துவிட்டார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டார். எனக்குப் பதறியது. "மிஸ்டர் ஹான், நெஞ்சு வலிக்கிறதா?" காவல் தொப்பி போட்ட ஒரு பெண் ஓடிவந்து, மிகுந்த மரியாதையோடு என்னவோ சொன்னாள். ஹான் கண்ணைத் திறந்தார்.

"இங்கே படுக்கக் கூடாதாம்" என்று எனக்கு மொழிபெயர்த்தார்.

முதலில் சிரித்தது அவர்தான். எனக்கும் அடக்க முடியவில்லை. அந்தப் பெண்ணும் எதற்கென்று தெரியாமலே சிரித்தாள். அவள் போனபிறகும் அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அது சிரிப்பில்லை என்று புரிய எனக்குச் சற்று நேரமானது. பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளில் கை போடலாமா என்று தெரியாததால், அவர் சட்டையில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "உங்க ஆட்கள் எங்கே புதைப்பீங்க?"

"நாங்கள் எரிப்போம். சாம்பலைக் கடலில் கரைத்துவிடுவோம்."

என் அப்பாவைக் கடலூரில் கரைத்தார்கள். கிரீன் கார்டு பேப்பர்கள் பாதியில் இருந்தன, நாட்டை விட்டுப் போகாதே என்றார் வக்கீல். பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட் சமையலறையில் நின்று போனில் பார்த்தேன். என் தம்பி அலைக்குள் இறங்குவது வரை தெரிந்தது. அதற்குமேல் படம் உறைந்து, ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.

"நல்ல வழக்கம்" என்றார் ஹான். "இடம் கேட்க வேண்டாம். ரோடு வராது."

"ஆமாம்" என்றேன். ஒரு விஷயத்திலாவது நாங்கள் சாமர்த்தியசாலிகள் என்று தோன்றியது.

அவர் கடல் பக்கம் திரும்பினார். பிறகு, ஒரு வாடிக்கையாளரிடம் விவரம் கேட்கும் சாதாரணக் குரலில், "உன்னை எந்தக் கடல்ல?" என்றார்.

கடலூரில் இப்போது எங்களுக்கு யாருமில்லை. தம்பியும் சிங்கப்பூர் போய்விட்டான். நியூஜெர்சிக் கடற்கரையில் நாங்கள் கோடையில் போய்ச் சோளம் தின்றுவிட்டு வருவதோடு சரி. கீழே, யாரென்றே என்னை அறியாத மூன்றாவது கடல் ஒன்று பளபளத்துக்கொண்டிருந்தது. ஹான் பதிலுக்காகக் காத்திருந்தார்.