என் கல்லறையில் கைவைத்தவள்

மாட்டுங்காவில் ஒரு கடை மாடியில் ஞாயிறுதோறும் நான்கு பேராக உட்கார்ந்து சீட்டு விளையாடுவோம். ரம்மி இல்லை, பூதங்களும் வீரர்களும் மோதிக்கொள்ளும் சீட்டு. தோற்ற சீட்டுகள் போய்ச் சேரும் குவியலுக்குக் கல்லறை என்று பெயர்.

அவரவர் கட்டை அவரவரே சேர்த்துக்கொண்டு வரவேண்டும். ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு கட்டு சேர்த்தேன். பெரிய பூதங்களை வேண்டுமென்றே சாகக் கொடுத்து, பிறகு மொத்தமாக எழுப்புவது என் திட்டம். படம் சுமாராக இருந்த சீட்டுகளைக் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் கடையின் இலவசப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

அன்று நான்காவதாக உட்கார்ந்தவள் செல்வி. தாராவியில் பிளாஸ்டிக் பிரிக்கும் கோடவுனில் வேலை. புதியவள்தானே என்று யாரும் அவளைத் தாக்கவில்லை. நானும்தான். மூன்று பூதங்கள் என் கல்லறைக்குப் போயின. என் முறை மறுபடி வந்ததும் எழுப்பிவிடலாம் என்று காத்திருந்தேன்.

அதற்குள் செல்வி ஒரு சீட்டை இறக்கினாள். யாருடைய கல்லறையிலிருந்தும் மூன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. என் பூதங்கள் அவள் பக்கம் எழுந்து நின்றன.

“அது என்னோடது,” என்றேன், சின்னப் பிள்ளை மாதிரி.

“எங்க கோடவுன்ல யாரு போட்டதுன்னு பாக்க மாட்டோம்ணே. என்ன தேறும்னுதான் பாப்போம்.”

தோற்றபின் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மூலையில் என் டீக்கறை. பெட்டியில் நான் போட்ட அதே சீட்டு. போடுவதற்கு முன் அதில் எழுதியிருந்ததை ஒருதரமாவது படித்தேனா என்று இன்றும் யோசிக்கிறேன். படித்ததாக நினைவில்லை.