எல்லை ரயில் நிலையத்தில் இடியாப்ப மாவு

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கோடைக்காலத்தில் நடந்தது இது. பிரான்ஸிலிருந்து இத்தாலிக்குள் நுழையும் எல்லையில் இருந்த ஒரு ரயில் நிலையத்தில். எனக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருடம்கூட முடிந்திருக்கவில்லை.

நான் பிறந்தது காரைக்காலை அடுத்த குரும்பகரம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கணவர் வீடு காரைக்கால் டவுனில். மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கம் அப்படிப்பட்டவர்களை ‘சொல்தா’ என்பார்கள். சொல்தா வீட்டுப் பிள்ளை என்பதால் என் கணவருக்குப் பிறக்கும்போதே பிரெஞ்சுக் குடியுரிமை. பாரிஸ் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தவர், காகிதங்கள் எல்லாம் சரியானதும் என்னையும் அங்கே அழைத்துக்கொண்டார். எனக்கு இந்தியப் பாஸ்போர்ட்தான் இருந்தது.

அவர் வேலை செய்த இடத்தில் கோடை விடுமுறை வந்தால் போதும், இளவட்டங்கள் முதுகில் பெரிய பையை மாட்டிக்கொண்டு ஜோடி ஜோடியாகக் கிளம்பிவிடுவார்களாம். அவருக்கும் ஆசை வந்துவிட்டது. “நாமளும் போவோம். அப்படியே ரோம் வரைக்கும் போய்த் தம்பியையும் பாத்துட்டு வந்துடலாம்” என்றார். அவருடைய தம்பி பாதிரியாராவதற்காக ரோமில் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தார்.

நான் அதற்கு முன் புடவை, பாவாடை தாவணி தவிர எதுவும் உடுத்தியதில்லை. கடையில் அவர் எடுத்துக் கொடுத்த பேண்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது எனக்கே சிரிப்பு வந்தது. இரண்டு நாள் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தப் பயணத்தின் முதல் பாதி என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்கள். சாலையோரம் நின்று கட்டைவிரலைக் காட்டினால் யாரோ ஒருவர் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்வார். ஒருமுறை ஒரு லாரிக்காரர், ஆடு ஏற்றிய வண்டியில் பின்னால் எங்களையும் ஏற்றிவிட்டார். இறங்கும்போது என் தலைமுடியில் பாதி வைக்கோல். ஒரு பழத்தோட்டத்தின் ஓரத்தில் தெரியாமல் கூடாரம் அடித்துத் தூங்கிவிட்டோம். காலையில் தோட்டக்காரர் வந்து கத்தப்போகிறார் என்று பயந்தால், அவர் ஒரு கூடை பீச் பழத்தை வைத்துவிட்டுப் போனார். தெற்கே ஓரிடத்தில் நெல் வயலையே பார்த்தேன். பேண்டை மடக்கிவிட்டு வரப்பில் இறங்கி நின்றேன். அவர் போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோவில் நான் வாயெல்லாம் பல்லாக நிற்பேன்.

எல்லாவற்றுக்கும் அவர்தான் பேசுவார். எனக்கு வந்தது அரைகுறைப் பிரெஞ்சு. மெதுவாகப் பேசினால் புரியும், அவ்வளவுதான். வழி கேட்பது, ரொட்டி வாங்குவது, டிக்கெட் எடுப்பது எல்லாம் அவர். நான் பின்னால் ராணி மாதிரி நடந்தேன்.

இப்போது பார்சல் கதைக்கு வருகிறேன். நாங்கள் கிளம்புவதற்கு முன், ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் என் மாமியார் சின்ன மகனுக்கென்று ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். மண்டபத்தூர் நெத்திலிக் கருவாடு, மிளகாய்த்தூள், வறுத்து அரைத்த இடியாப்ப மாவு. மாவை பிளாஸ்டிக் பைகளில் போட்டு, காற்றுப் புகாமல் மெழுகுவர்த்தித் தீயில் ஓரத்தைச் சுட்டு ஒட்டியிருந்தார். வெள்ளை வெளேரென்று கைக்கடக்கமாக நாலைந்து பைகள். கணவருடைய பையில் கூடாரம் இருந்ததால் இடமில்லை. அவரே அந்தப் பைகளை என் துணிகளுக்கு நடுவில் வைத்து அடுக்கினார். “கசங்காம இருக்கும்” என்றார்.

இத்தாலிக்குள் போக ரயில் பிடித்தோம். எல்லை நிலையத்தில் அது நின்றது காலை வேளையில். சீருடைக்காரர்கள் பெட்டி பெட்டியாக ஏறி வந்தார்கள். எங்கள் பெட்டியில் முதுகுப் பையோடு நிறைய பேர் இருந்தார்கள். எங்களைத்தான் எழுந்து வரச் சொன்னார்கள். அவர் கையில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட், என் கையில் இந்தியப் பாஸ்போர்ட். ஓர் அதிகாரி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விரலால் சுரண்டிக்கூடப் பார்த்தார். என் கணவரின் முகம் கறுத்துவிட்டது.

பிளாட்பாரத்தில் இறக்கிவிட்டார்கள். ஒரு நீளமான மேஜை. என் பையைத் திறந்து கொட்டினார்கள். ரயில் ஜன்னல்களில் எல்லாம் தலைகள். என் உள்ளாடைகள், மாதவிலக்குக்காக மடித்து வைத்திருந்த துணிகள், எல்லாம் வெட்டவெளியில் கிடந்தன. கருவாட்டுப் பொட்டலம் பிரிந்துவிட்டது. அந்த வாசனை எட்டியதும் பக்கத்தில் நின்ற ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். யாரோ சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்து மாவுப் பைகள் வெளியே வந்தன. சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தக் காலத்தில் முதுகுப் பையோடு ஊர் சுற்றுபவர்களிடம் போதைப்பொருள் இருக்கும் என்று சந்தேகப்படுவது வழக்கம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அதிகாரி ஒரு பையைத் தூக்கிக் காட்டி, பிரெஞ்சில் கேட்டார்: “யாருடையது இது?”

நான் கணவரைப் பார்த்தேன். வழக்கம்போல அவர் பேசுவார், சிரிப்பார், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

“என்னுடையது இல்லை. அவளுடையது. அதில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது” என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். என் அரைகுறைப் பிரெஞ்சுக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. எனக்குப் புரியும் என்று அவருக்கும் தெரியும். அதன் பிறகு அவர் என் பக்கம் திரும்பவில்லை.

என்னை மட்டும் ஓர் அறைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு பெண் அதிகாரி இருந்தாள். நடுத்தர வயது. கதவைச் சாத்திவிட்டு, துணிகளைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினாள். கழற்றினேன். கல்யாணத்துக்குப் பிறகும் விளக்கை அணைக்கச் சொல்கிறவள் நான். அந்தப் பகல் வெளிச்சத்தில், கழுத்தில் தாலிச் சங்கிலி மட்டும் கிடக்க, முன் பின் தெரியாத ஒருத்தி முன்னால் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். மனசுக்குள் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் மறந்துபோய்விட்டது. பிறந்ததிலிருந்து சொல்லும் செபம்.

துணியைப் போட்டுக்கொண்ட பிறகு, மேஜை மேல் மாவுப் பையை வைத்து என்னமோ கேட்டாள். இத்தாலிய மொழி. எனக்கு எப்படி விளங்க வைப்பது என்று தெரியவில்லை. அறையின் மூலையில் ஒரு பிளாஸ்க் இருந்தது. நான் அதைக் காட்டினேன். அவள் யோசித்துவிட்டு ஒரு கோப்பையில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். பையைக் கிழித்து, மேஜை மேலிருந்த தட்டில் மாவைக் கொட்டி, வெந்நீர் தெளித்துப் பிசைந்தேன். உருட்டி ஒரு வாய் தின்றேன். உப்பில்லாத, வேகாத மாவு தொண்டையில் அடைத்தது. அப்போதுதான் அழுகை வந்தது.

அவள் அந்த உருண்டையில் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தாள். வெளியே போய் யாரிடமோ பேசினாள். வேறொருவர் வந்து ஒரு கண்ணாடிக் குழாயில் மாவைப் போட்டு எதையோ ஊற்றிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அந்தப் பெண் அதிகாரி என் துணிகளை மேஜையிலிருந்து தானே எடுத்து, ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தாள். உள்ளாடைகளைக்கூட. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பையை என் தோளில் மாட்டிவிட்டு, பின்னால் சுருண்டிருந்த வாரை நேராக்கிவிட்டாள். என் அம்மா செய்வதுபோல இருந்தது. அதற்காகவும் அழுதேன்.

வெளியே வந்தபோது ரயில் போய்விட்டிருந்தது. கணவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“விட்டுட்டாங்களா?” என்றார்.

தலையாட்டினேன். “அடுத்த வண்டி மத்தியானந்தான்” என்றார். அவ்வளவுதான் பேசினோம். உள்ளே என்ன செய்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னால் சொல்லியிருக்க முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் கேட்கவில்லை.

ரோமில் கொழுந்தனாரைப் பார்த்தோம். கருவாட்டைக் குப்பையில் போட்டுவிட்டார்கள், மாவு மட்டும் வந்தது என்று என் கணவர் என்னமோ வேடிக்கைக் கதை மாதிரி சொன்னார். “உங்க அண்ணி போலீஸ் ஸ்டேஷன்லயே இடியாப்பத்துக்கு மாவு பிசைஞ்சுட்டா” என்றார். கொழுந்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதிலிருந்து அந்தக் கதை எங்கள் வீட்டுக் கதையாகிவிட்டது. பாரிஸில் ஊர்க்காரர்கள் கூடினால், “அந்த மாவுக் கதையச் சொல்லுங்க” என்பார்கள். அவர் நடித்தே காட்டுவார். அதிகாரி மாதிரிப் பையைத் தூக்கிக் காட்டுவார். யாருடையது என்று கேட்ட இடத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் தாண்டிப் போய்விடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துக்கொண்டிருப்பேன். சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்களே. அந்த அறையில் நின்றதைவிட, இப்படிச் சிரித்த நேரங்களில்தான் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒருநாளும் தனியாக இருக்கும்போது அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

சில வருடங்கள் கழித்துக் கொழுந்தனாருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். காரைக்காலில் அவருடைய முதல் பூசை. அதற்காக ஊருக்கு வந்திருந்தோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து கூடம் நிறைய உறவுக்காரர்கள். புதுச் சாமியாரான கொழுந்தனாரே, “அண்ணே, அம்மா இன்னும் அதைக் கேட்டதில்ல, சொல்லுண்ணே” என்று எடுத்துக் கொடுத்தார். என் கணவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

என் மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, நிஜமாகவே தெரியாமல் கேட்டார்:

“ஏன்டா, ரெண்டு பேரும் சேந்துதானே போனீங்க. இவளை மட்டும் ஏன் உள்ளாற கூட்டிட்டுப் போனாங்க?”

எல்லோரும் கதையின் மிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். நான் முந்திக்கொண்டேன். “என் பையில இருந்துச்சுல்ல அத்தை, அதான்” என்றேன்.

“நீ சும்மா இரு” என்றார் அவர். என்னைத் திட்டுகிற குரல் இல்லை அது. பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார். “அவ பையில வச்சதே நாந்தாம்மா. போலீஸ்காரன் யாருதுன்னு கேட்டான். என்னுது இல்ல, இவளுதுன்னு சொல்லிட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டேன். செயில்ல போட்டுருவாங்கன்னு பயம்.”

கொழுந்தனார் தன் வெள்ளை அங்கியின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். யாரோ ஒரு சித்தப்பா, “அந்த நேரத்துல யாரா இருந்தாலும் அப்படித்தாம்ப்பா...” என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். என் கணவர் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். எத்தனையோ முறை கோபத்தில் நான் மனசுக்குள் அவரை அப்படி உட்கார வைத்துப் பார்த்திருக்கிறேன். நேரில் பார்த்தபோது எழுந்து போய் மறைத்து நிற்கலாமா என்றிருந்தது.

மாமியார் அவரை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தார். “இத்தினி நாளும் இதைக் கேட்டுக்கிட்டு நீயும் சிரிச்சுக்கிட்டா இருந்தே?” என்றார்.



அன்று சாயங்காலம் குரும்பகரத்துக்குக் கிளம்பினோம். பஸ்ஸை விட்டு இறங்கி அப்பா வீட்டுக்கு நடக்கும் வழியில், அவர் மெதுவாகக் கேட்டார்: “அந்த ரூமுக்குள்ள ஒன்னைய என்ன செஞ்சாங்க?”

நான் சொன்னேன். துணியைக் கழற்றியது, செபம் மறந்துபோனது, எல்லாவற்றையும். சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. ஓரிடத்தில் நின்றுவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஒன் முகத்தப் பாக்கவே எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதான் கேக்கல” என்றார். எனக்கும் அவர் முகத்தைப் பார்க்க அப்படித்தான் இருந்தது என்று சொன்னேன். இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்தோம். அப்பாவுக்கு எங்கள் முகத்தைப் பார்த்ததும் சண்டை என்று தோன்றியிருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் இரண்டு பேருக்கும் காப்பி போடச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையைச் சொன்னதில்லை. யாராவது கேட்டால் என்னைக் கைகாட்டுவார். நான் சொல்லும்போது எந்த இடத்தையும் தாண்டுவதில்லை, அவரும் எழுந்து போவதில்லை. பயத்தில் ஒருவர் வாயிலிருந்து வந்த ஒரு பேச்சை வைத்து அவரோடு வாழும் வாழ்க்கையை அளக்கக் கூடாது என்று எனக்கு இப்போது தெரியும். ஆனாலும் நெருக்கமானவர்கள் யாராவது தங்களுக்கு நேர்ந்த அவமானத்தை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னால், அவர்களோடு சேர்ந்து சிரிக்க எனக்கு இன்றைக்கும் முடிவதில்லை.