கோயில் வாசலில் ஒரு மராட்டிச் சொல்

அக்கா புருஷனை நான் 'அத்தான்' என்று வாய் நிறையக் கூப்பிட்ட காலம் ஒன்று உண்டு. தாராவியில் எங்கள் சந்திலிருந்து கோட்டுப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போன ஒரே ஆள் அவர்தான். மில் ஆபீசில் கிளார்க். இங்கிலீஷ் பேப்பர் படிப்பார். மராட்டி அந்த ஊர்க்காரன் மாதிரியே பேசுவார். எனக்கு அப்போது பதினெட்டு வயது, தோல் பட்டறையில் பை தைத்துக்கொண்டிருந்தேன். அத்தான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய முட்டாள்களில் நான்தான் முதல் முட்டாள்.

அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போயிருந்தான். ஐந்து மாதமாக அவனிடமிருந்து கடிதம் இல்லை. அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அம்மா சயானில் ஒரு மராட்டிக்காரர் வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே போகும்போதும் அண்ணனின் கடைசிக் கடிதம் அவள் மடியில் இருக்கும். அந்தக் கடிதத்தை ஒரு பெரிய கோயிலில் சாமி காலடியில் வைத்து எடுத்துவிட்டால் பிள்ளை உயிரோடு வந்துவிடுவான் என்று அவள் மனதில் விழுந்துவிட்டது.

"நம்ம சந்து முனையில அம்மன் இருக்காளே, அவகிட்ட வைக்கக் கூடாதா?" என்றேன்.

"அவ நம்ம ஆளுட்டி. பர்மா வரைக்கும் அவ பேச்சு எடுபடுமா?" என்றாள்.

பெரிய கோயில் என்றால் எங்கள் சாதிக்காரர்களுக்கு உள்ளே இடமில்லை. திருநெல்வேலியில் இருந்தபோது தேரைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு அம்மாவின் கோயில் அனுபவம் முடிந்தது. அத்தானுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

"இங்க நம்மள ஆருக்குத் தெரியும் அத்த? மெட்ராஸ்காரங்கன்னா முடிஞ்சிது. புனாவுக்குக் கூட்டிட்டுப் போறேன். ராசா அரமனையப் பாத்துட்டு, கோயிலுக்குள்ள நாலு பேரும் போயிட்டு வந்துருவோம்."

நாலு பேரும் என்றுதான் சொன்னார். என் காதால் கேட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் சயானில் லோக்கல் ஏறி, கல்யாணில் இறங்கி, புனா வண்டியைப் பிடித்தோம். அம்மா அக்கா கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டியிருந்தாள். கடிதத்தை மஞ்சள் துணியில் சுற்றி, அவள் வழக்கப்படி இரட்டை முடிச்சுப் போட்டிருந்தாள். அதை அவளைத் தவிர வேறு யாரும் அவிழ்த்தால் மறுபடி அப்படிப் போட வராது. வண்டி மலை ஏறும்போது அத்தான் ஒவ்வொரு குகையாக எண்ணிச் சொன்னார். அம்மா ஒவ்வொன்றுக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

புனாவில் முதலில் அரண்மனை. குடையை நீட்டி நீட்டி அத்தான் எங்களுக்கு வழிகாட்டியானார். கதவில் நீள நீளமாக இரும்பு முள். "யான வந்து முட்டுனா நெத்தியில குத்தும்." உள்ளே எல்லாம் எரிந்துபோய் வெறும் மேடையும் புல்லும்தான். "இங்கதான் தர்பாரு. இங்க ராசா உக்காருவாரு." ஒன்றுமில்லாத இடத்தில் அவர் எல்லாவற்றையும் காட்டினார், நாங்களும் பார்த்தோம். அரண்மனையின் பெயர் சனிவார் வாடா என்றதும் அம்மா நின்றுவிட்டாள்.

"ராசா வீட்டப் போயா வாடா போடாங்காவ?"

அக்காவும் நானும் சிரித்து சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். "மராட்டியில வாடான்னா பெரிய வீடு அத்த," என்றார் அத்தான். "இத்தன வருசம் சயான்ல வேல பாக்கிய, ஒரு எழுத்து தெரியலியே உங்களுக்கு."

"பாத்திரத்துக்குப் பாஷ உண்டுமா மாப்ள?" என்றாள் அம்மா.

அந்த மைதானத்தில் நாங்கள் சிரித்த சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

கோயில் அங்கிருந்து கொஞ்ச தூரம். அதன் பெயரை எழுதப்போவதில்லை. அந்தச் சாமி மேல் எனக்குக் கோபம் இல்லை. வாசலில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். அத்தானின் கோட்டைப் பார்த்தான், அக்காவின் சங்கிலியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தபோது, தேங்காயைப் பிடித்திருந்த கையிலேயே அவன் கண் நின்றது. சாம்பலும் சோடாவும் தின்ற கை. நீங்களெல்லாம் யார் என்று மராட்டியில் கேட்டான்.

அத்தான் ஒரு நொடி தடுமாறினார். பிறகு மராட்டியில் சொன்னார். "நாங்கள் மெட்ராஸ்காரர்கள். நானும் என் மனைவியும் தரிசனத்துக்கு வந்திருக்கிறோம். இது எங்கள் மோல்கரீண், அது அவள் மகள். அவர்கள் வெளியிலேயே இருப்பார்கள்."

மோல்கரீண் என்றால் வீட்டு வேலைக்காரி. பட்டறையில் கூட வேலை பார்த்த பெண்களிடமிருந்து எனக்கு மராட்டி நன்றாகவே வந்துவிட்டிருந்தது. அம்மாவின் மகள்கள் இரண்டு பேர் அங்கே நின்றோம். அவன் ஒருத்தியைத்தான் சொன்னான். ஆமாம், அத்தான் எனக்கு இந்த இடத்திலிருந்து 'அவன்'தான். யாரும் என்னைத் திருத்த வேண்டாம்.

உடனே தமிழுக்குத் திரும்பினான். "அத்த, உள்ள ஒரே நெரிசலாம். வயசானவுகள விடமாட்டேங்கான். கடுதாசியத் தாங்க, நானே சாமி காலடியில வச்சுக் கொண்டாறேன்."

அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். கடிதத்தையும் தேங்காயையும் கொடுத்தாள். "சரி மாப்ள. வச்ச உடனே எடுத்துராதிய. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அவன் பின்னால் போனாள். அவளுக்கும் மராட்டி தெரியும்.

எதிரே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அவர்களை அடித்துத் துரத்துவார்கள், கடிதமும் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் சொன்னது அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அம்மா வாசலைப் பார்த்துக் கும்பிட்டபடியே இருந்தாள்.

வெளியே வந்தபோது இரண்டு பேர் நெற்றியிலும் குங்குமம். தேங்காய் மூடியைக் கொடுத்தான். கோட்டின் உள்பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்துக் கொடுத்தான். அதில் குங்குமம் ஒரு பொட்டுக்கூட இல்லை. அம்மாவின் இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் வண்டியில் அவன் வெள்ளிக் கதவு, தூண், விளக்கு என்று கோயிலை அங்குலம் அங்குலமாக அம்மாவுக்குச் சுற்றிக் காட்டினான். "அப்படியா மாப்ள" என்று அவள் கேட்டுக்கொண்டு வந்தாள். அவன் தூங்கிய பிறகு அக்காவின் கையைப் பிடித்து, கடிதத்தை ஏன் வைக்கவில்லை என்று காதோடு கேட்டேன்.

"கடுதாசி மேல தாராவி அட்ரஸ் இருக்குல்லா. பூசாரி அவுத்து வாசிச்சு, நம்ம சாதி தெரிஞ்சுட்டா என்ன செய்ய?" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன் பிறகு அவனை அத்தான் என்று நான் கூப்பிடவில்லை. "ஏட்டி, மரியாதையாப் பேசு," என்று அம்மாதான் என்னை அதட்டுவாள். பாவம், ஒன்றும் தெரியாமல் அவனுக்கு மீன் குழம்பு வைத்துப் போடுகிறாளே என்று நினைத்துக்கொள்வேன். அவளுக்காக அந்த மராட்டிச் சொல்லை நான் விழுங்கிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

சண்டை முடிந்து அண்ணன் வந்தான், இடது கையில் இரண்டு விரல் இல்லாமல். அன்றைக்குச் சந்தே எங்கள் வீட்டில் இருந்தது. அம்மா எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா புருஷன் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணனிடம் சொன்னான், "புனா கோயில்ல உன் கடுதாசிய என் கையால சாமி காலடியில வச்சேன்லா. அதுதான் உன்னயக் கொண்டாந்து சேத்திருக்கு."

அம்மா அவன் டம்ளரில் டீயை ஊற்றினாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"மோல்கரீண் மவன்தான மாப்ள. அவனுக்கு வாசலே போதும்."

அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அது என்னம்மா மோல்கரீண்?"

"ஒண்ணுமில்லய்யா," என்றாள் அம்மா. "சயான்ல என்னய அப்படித்தான் கூப்பிடுவாவ. மராட்டியில எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு சொல்லுதான்."