ஏகாம்பரமும் இல்லாத மைக்கும்

ஏகாம்பரம் போய்விட்டான். காலையில் ஆவடி சேக்காட்டிலிருந்து அவன் பையன் போன் செய்தான். தூக்கத்திலேயே... ஹார்ட் அட்டாக்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் என்னோடு ஒரே ஷிப்டில் லேத் ஓட்டியவன். ஆனால் எங்கள் கம்பெனி ஆட்களுக்கு அவன் ஆயுத பூஜை நாடகத்தின் நிரந்தர ஹீரோ.

வருஷத்துக்கு ஒரு நாள்தான் மேடை. அதற்கு மாதக்கணக்கில் தாடி வளர்ப்பான். சூப்பர்வைசரிடம் நாடக வசனத்திலேயே லீவு கேட்பான். கிடைக்காது.

தொண்ணூறுகளில் ஒரு டிவி சீரியலுக்குப் புதுமுகம் தேடுவதாகக் கேள்விப்பட்டான். கல்யாண வயதுப் பெண்ணுக்கு அப்பா வேஷம். இவனுக்கு அப்போது முப்பதைத் தாண்டி கொஞ்சம்தான்.

"கெடச்சா வேலைய உட்டுருவேன் மாமே" என்று கேன்டீனில் எல்லோரிடமும் சொல்லிவிட்டான். விளையாட்டுக்கு இல்லை. சின்னச் சின்னக் குழந்தைகள், வாடகை வீடு, இந்த ஒரு சம்பளம்.

வீட்டில் ஒத்திகை ஆரம்பமானது. மகள் வசனத்தைச் சொல்வது அவன் மனைவி கஸ்தூரி. அரிசி களைந்துகொண்டே, "அப்பா, என்னை மன்னிச்சிடுங்க" என்பார்.

"அழுதுகினே சொல்லு கஸ்தூரி, எனக்கு மூடு வரணும்."

"வெங்காயம் அரியறப்ப வா, அழுவுறேன்."

ஆடிஷனுக்குத் துணையாக நான் போனேன். தலையில் பவுடரைக் கொட்டி நரைக்க வைத்திருந்தான். பூந்தமல்லி தாண்டுவதற்குள் எல்லாம் வியர்வையில் இறங்கி, காதோரம் வெள்ளைக் கோடு.

பஸ்ஸில் ஒரு அம்மா, "இன்னாப்பா, செவுத்துக்கு சுண்ணாம்பு அடிச்சிட்டு வர்றியா?" என்று கேட்டார். இவன் கண்டுகொள்ளவே இல்லை. வாய்க்குள் வசனம் ஓடிக்கொண்டிருந்தது.

வளசரவாக்கத்தில் ஒரு வீட்டு மாடி ஹால். கேமரா, ஒரு லைட், நாற்காலியில் டைரக்டர். மகள் வசனத்தைப் படிக்க ஓர் அசிஸ்டென்ட்.

ஏகாம்பரம் ரெண்டு எட்டு முன்னால் வந்தான். வசனம் பேசினான். ரெண்டு எட்டு பின்னால் போய்க் கைகட்டி நின்றான். அடுத்த வசனத்துக்கு மறுபடி முன்னால்... மறுபடி பின்னால். கேமராமேன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன் சார் ஊஞ்சல் மாதிரி போய்ட்டுப் போய்ட்டு வர்றீங்க?" என்றார் டைரக்டர்.

"மைக்கு நடுவுலதான் சார் தொங்கும். எல்லாருக்கும் ஒண்ணுதான். பேசிட்டு ஒதுங்கினாத்தானே அடுத்த ஆளு பேச முடியும்?"

எங்கள் ஆயுத பூஜை மேடையில் அப்படித்தான். இங்கே எந்த மைக்கும் தொங்கவில்லை. ஹால் முழுக்கச் சிரிப்பு. அவர்கள் சிரித்ததில் தப்பில்லை... ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது.

அசையாமல் நின்று பேசச் சொன்னார்கள். நின்றான். காலை அடக்குவதிலேயே கவனமெல்லாம் போய், வசனம் மறந்துவிட்டது.

"சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியும்.

கீழே வந்து டீ குடித்தோம். "நல்ல மனுசனுங்க மாமே. கடைசி வரிக்கும் சார் போட்டுத்தான் பேசினாங்கோ" என்றான். அதோடு சரி.

மறுநாள் வழக்கம்போல் லேத் முன்னால் நின்றான். ஆனால் அந்த வருஷ நாடகத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. கெஞ்சிப் பார்த்தோம், அசையவில்லை. பிறகு திடீரென்று ஒரு நாள், "எனக்கு இன்னா வேசம்?" என்று வந்து நின்றான். ஏன் மனசு மாறினான் என்று நான் கேட்கவில்லை. வந்தானே, அது போதும் என்றிருந்தது.

இன்று சேக்காட்டுக்குப் போயிருந்தேன். ஐஸ் பெட்டி பக்கத்தில் கஸ்தூரி. என்னைப் பார்த்ததும் அந்த ஆடிஷன் பேச்சைத்தான் எடுத்தார்.

"அண்ணே, அது கெடைக்கவே கூடாதுன்னு திருவேற்காட்டு ஆத்தாகிட்ட வேண்டிக்கினேன் நானு. வேலைய உட்டுட்டாருன்னா கொயந்தைங்கள வச்சிகினு இன்னா பண்ணுவேன், சொல்லுங்க. அப்பால நாடகமும் வேணாம்னுட்டாரு, அவரு மூஞ்சிய பாக்க முடியல. தாங்காம ஒரு நாளு அவராண்டயே சொல்லிட்டேன்."

"அவன் இன்னா சொன்னான்மா?"

"'அப்ப என் நடிப்புல தப்பு இல்லியா?'ன்னு கேட்டாரு. கேட்டுட்டு, இன்னும் ரெண்டு தோசை போடுன்னாரு."

சாயங்காலம் எடுக்கிறார்கள். போய் வாடா ஏகாம்பரம்.