மேஜைக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த பெட்டி

கம்ப்யூட்டர் வேலை என்றால் ஏசி அறையில் சொகுசாக உட்கார்ந்து செய்வது என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் இவனோடு மேஜைக்கு அடியில் தவழ்ந்து பார்க்க வேண்டும். ஒரு பெரிய கம்பெனியில் இருபது வருஷம் அப்படித்தான் தவழ்ந்தான். இரண்டு முழங்காலும் காய்த்துப் போயின. எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பான் என்பதால் அங்கே அவனுக்குக் ‘குடைச்சல்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஒரு நாள் கம்பெனி அந்த வேலையை எங்கேயோ இருந்து போனில் பேசுகிறவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, இவன் கையைக் குலுக்கி வழியனுப்பியது.

வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொந்தமாக இறங்கினான். ஐந்து பேர், பத்து பேர் வேலை செய்யும் சின்னக் கம்பெனிகளில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் கிடையாது. நின்று போனால் தெரிந்தவரின் மருமகனைத் தேடுவார்கள். மாதாமாதம் ஒரு தொகை கொடுங்கள், நிற்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுதான் இவன் தொழில். கல்யாணமாகிப் போன மகளின் அறையில் ஒரு மேஜையும் போனும் வைத்து ஆபீஸ் என்று சொல்லிக்கொண்டான். நாலு மாதத்தில் அறுபத்திரண்டு கம்பெனிகளின் படியேறினான். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். “இப்ப எல்லாம் நல்லாத்தானே ஓடுது?”

அதற்குள் மனைவியின் அண்ணன் வந்து நின்றார். அவருக்குச் சொந்தமாக ஒரு சரக்குக் கிடங்கு இருந்தது.

“மாப்ளே, கேட்ல ஒரு வேலை இருக்கு. வர்ற வண்டி, போற வண்டி நம்பரை எழுதணும். அடுத்த திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா வேற ஆளைப் போட்டுருவேன்.”

“நாள் பூரா உக்காந்தேவா மச்சான்?”

“உக்காந்தேதான். நாற்காலிக்கு மெத்தைகூட உண்டு.”

நாள் பூரா ஒரே இடத்தில் உட்காருவதற்கு மெத்தை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று இவனுக்குத் தோன்றியது. வெளியே காட்டிக்கொள்ளாமல் தலையாட்டி வைத்தான்.

அந்த வாரம்தான் பல் கட்டும் பட்டறை ஒன்று சரி என்றது. பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து இங்கே பீங்கான் பல் செய்து கொடுப்பார்கள். மொத்தம் ஆறு பேர். அதை நடத்துகிற அம்மா கண்டிப்பானவர், வார்த்தையை எண்ணிப் பேசுகிறவர்.

“ஒரு வாரம் பாருங்க. சனிக்கிழமை சொல்றேன். பிடிச்சிருந்தா ஒரு வருஷத்துக்குக் கையெழுத்து.”

சனிக்கிழமை கையெழுத்தானால் மச்சானிடம் முடியாது என்று சொல்லலாம். ஆகாவிட்டால் திங்கட்கிழமை மெத்தை நாற்காலி. இதுதான் அவன் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

பாழாய்ப்போன அந்த வாரம் பார்த்து எதுவுமே பழுதாகவில்லை. திங்கட்கிழமை போய்க் கீபோர்டுகளைத் துடைத்தான். செவ்வாய்க்கிழமை போய்ப் பிரிண்டரைத் திறந்து மூடினான். புதன்கிழமை அந்த அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“ஒண்ணும் பிரச்சனை இல்லைங்க. நேத்தும் அதான் சொன்னேன்.”

“சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் மேடம்.”

வீட்டுக்கு வந்தும் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பழுதே வராவிட்டால் இவன் எதற்கு என்று அந்த அம்மா நினைத்துவிட்டால்? அறைக்கும் வாசலுக்குமாக நடந்தான். சலவைக் கடைக் கவுன்டரில் வேலை முடிந்து வந்த மனைவி, செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள்.

“கிறீச்சுன்னு சத்தம் போடுற கதவுக்கு எண்ணெய் விடலாம். நீங்க சத்தம் போடாத கதவையும் கழட்டிப் பாக்குற ஆளு. ரெண்டு நாள் கையைக் கட்டிக்கிட்டு இருங்க.”

இருந்தானா? வியாழக்கிழமை மதியம் பட்டறையில் ஒயர்களை ஒழுங்குபடுத்துகிறேன் என்று மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டான். அங்கே, சுவரோரமாக, பீங்கான் மாவுத் தூசி படிந்த ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி. திரை இல்லை, கீபோர்டு இல்லை. உள்ளே விசிறி மட்டும் இழுப்பு வந்தவர் போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

“அண்ணே, இது எதுக்கு?”

மெழுகில் பல் செதுக்கிக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்கவில்லை. “யாருக்குத் தம்பி தெரியும்? நான் வந்ததுல இருந்து ஓடிக்கிட்டே இருக்கு.”

எதுக்கென்றே தெரியாமல் ஓடுகிற ஒரு பொருளைப் பார்த்துவிட்டு இவனால் சும்மா வர முடியுமா? அணைத்தான். பத்து நிமிஷம் காத்திருந்தான். பீங்கானில் பல் செதுக்கும் மெஷின் தன் பாட்டுக்கு ஓடியது, எல்லாக் கம்ப்யூட்டரும் வேலை செய்தது. சுத்தம் செய்து பார்க்கலாம் என்று பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டான். அந்த அம்மா வெளியே போயிருந்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குப் போன் வந்தது.

“பல் செதுக்குற மெஷின் நின்னுபோச்சு. லைசென்ஸ் இல்லைன்னு திரையில வருது. நாலு மணிக்கு டாக்டர் நாற்காலியில ஒருத்தர் வாயத் திறந்துக்கிட்டு உக்காந்திருப்பார். முன்பல் ஆறும் இங்கதான் இருக்கு, பாதி செதுக்குன நிலையில. உடனே வாங்க.”

போனை வைத்தான். சாப்பாட்டு மேஜையில் அந்தப் பழைய பெட்டி எலும்பெலும்பாகப் பிரிந்து கிடந்தது. அப்போதுதான் உறைத்தது. பெட்டியின் முதுகில் விரல் அளவுக்கு ஒரு குச்சி செருகியிருந்தது. மெஷினை ஓட்டும் மென்பொருளுக்கு அதுதான் சாவி. தினமும் காலையில் ஒரு தரம் சாவி இருக்கிறதா என்று கேட்கும். இருந்தால் அன்று முழுக்க ஓடும். அதனால்தான் நேற்று மதியம் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் குச்சியைத்தான் இவன் பழைய பென் டிரைவ் என்று நினைத்துச் சில்லறைச் சாமான் டப்பாவில் எறிந்திருந்தான்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி டப்பாவை வாங்கி ஒரு துண்டின் மேல் கவிழ்த்தாள். திருகாணி, ஒயர்த் துண்டு, எந்தக் காலத்திலோ தொலைந்த அவள் தோட்டின் திருகு.

“என்ன கலருங்க?”

“கறுப்பு. இல்ல, பச்சையோ என்னமோ.”

“இருபது வருஷம் இதைத்தான் பாத்தீங்க.” நீல நிறத்தில் ஒன்றை எடுத்து நீட்டினாள். அதுவேதான்.

பிரித்த பெட்டியைத் திரும்பவும் பூட்டிக்கொண்டே, “பழைய பெட்டி, தானா படுத்துருச்சு, நான் சரி பண்ணிட்டேன்னு சொல்லிரலாமா?” என்று கேட்டான். யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படிச் சொன்னால் கையெழுத்துகூடச் சீக்கிரம் ஆகும்.

அவள் தோட்டுத் திருகை முந்தானையில் முடிந்துகொண்டாள். “அது உங்க பாடு. எனக்கு பஸ் வந்துரும்.”

பதினோரு மணிக்குப் பெட்டி பழைய இடத்தில் மூச்சு விட்டது. மெஷின் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு ஏழாவது நிமிஷம் பல்லைக் கடைய ஆரம்பித்தது. அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார்.

“நல்லவேளை, உங்களை வரச் சொல்லியிருந்தேன். நாளைக்கு எதுக்கு, இப்பவே போட்டுரலாம்.” மேஜையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்தார்.

இவனுக்கு உள்ளங்கால் அரித்தது. இந்தக் காலில் நின்றான், அந்தக் காலில் நின்றான். பேனா தாளைத் தொடப்போனது.

“மேடம், அதை நிறுத்துனதே நான்தான்.”

நேற்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். மெழுகுக்காரப் பெரியவர் இருமுவது போலச் சிரித்தார்.

“அப்ப நீங்க கை வைக்காம இருந்திருந்தா இது நின்னிருக்காது” என்றார் அந்த அம்மா.

“நின்னிருக்காது. ஆனா விசிறி தேஞ்சிருக்கு மேடம். இன்னும் ரெண்டு மூணு மாசத்துல தானாவே நின்னிருக்கும். சாவி அதுலதான் இருக்குன்னு இங்க ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது.”

“இன்னிக்கு அதைச் சொல்றது உங்களுக்கு ரொம்ப வசதியா இருக்கு.”

பேனாவை மூடினார். “நாளைக்குச் சொல்றேன்.”

அன்றைக்கு அவன் எத்தனை கிலோமீட்டர் நடந்திருப்பான் என்று கணக்கில்லை. சனிக்கிழமை கூப்பிட்டார்கள். ஒப்பந்தத் தாளில் ஒரு வருஷம் என்பது மூன்று மாதமாகச் சுருங்கியிருந்தது. அடியில் அந்த அம்மா தன் கையால் இரண்டு வரி எழுதியிருந்தார்: கூப்பிடாமல் வரக்கூடாது; எதைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் எழுதிக் காட்டிவிட்டுத் தொட வேண்டும். புதுப் பெட்டி மாற்றுவதை முதல் வேலையாக எழுதிக் காட்டினான். படித்துவிட்டுத் தலையசைத்தார்.

“மூணு மாசம்தானா? அதுக்கப்புறம்?” என்றார் மச்சான்.

“நாலாவது மாசம் வரும் மச்சான்.”

“நல்லா பேசுறீங்க மாப்ளே. நாற்காலி காத்திருக்காது, பாத்துக்கங்க.”

திங்கட்கிழமை மகளின் அறையில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்தான். அது அடிக்கவில்லை. அடிக்காவிட்டால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தம். அதற்குத்தான் மாதாமாதம் பணம். புரியத்தான் செய்தது. ஆனால் கால் கேட்கவில்லை, மேஜையே ஆடியது. அரை மணி நேரம் தாங்கினான். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

அறுபத்து நாலாவதாக ஏறிய படி, பூட்டும் சாவியும் மொத்தமாக விற்கிற ஒரு கடை ஆபீஸ். கணக்குப்பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “இப்ப எல்லாம் நல்லாத்தான் ஓடுது” என்றார்.

“சரிங்க. உங்க மேஜைக்கு அடியில, எதுக்குன்னே தெரியாம ஏதாவது ஓடிக்கிட்டிருக்கா?”

கணக்குப்பிள்ளை அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு மெல்லக் குனிந்தார்.

“ஆமா,” என்று கீழேயிருந்து குரல் வந்தது. “ஒண்ணு ஓடுது.”

குடைச்சல் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.