தண்ணீரோடு ஒரு மாத்திரை

மே மாதத்தில் பாரிவாக்கத்தில் மின்விசிறி வேண்டாம் என்று சொல்கிற மனுஷியைச் சந்தேகப்படாமல் என்ன செய்வது? என் மனைவி போர்வைக்குள் கிடந்தாள். குரல் கம்மி, முகம் உப்பி, பேச்சின் நடுவிலேயே தூங்கிப்போவாள். தைராய்டு. தொண்டைச் சுரப்பி சோம்பினால் மூளையின் அடியில் இருக்கும் சுரப்பி அதை அதட்டுமாம். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். என்று வருவது அந்த அதட்டல்தான். எண் ஏற ஏற, கீழே தூக்கம் கனக்கிறது என்று பொருள்.

மாத்திரையை ஐம்பது மைக்ரோகிராமிலிருந்து எழுபத்தைந்தாக்கியும் எண் ஏறியது. அடுத்தது நூறு என்றார் டாக்டரம்மா. வயதானவளின் இதயம் அதைத் தாங்குமா என்று எனக்குப் பயம்.

நான் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் நட்டு, போல்ட்டைச் சரிபார்க்கும் ஆய்வுப் பிரிவில் இருந்தவன். டப்பாவைக் கொட்டி எண்ணினேன். கணக்கு சரியாக இருந்தது. அவள் ஏமாற்றவில்லை என்றால் மாத்திரைதான் போலி. குமணன்சாவடி மருந்துக்கடைக்காரரிடம் கேட்டே விட்டேன்.

"இன்னா பெரியவரே, சுண்ணாம்ப உருட்டி விக்கிறேன்னு நெனச்சிகினியா?"

"அப்ப எண் ஏன் ஏறுது?"

"அத்த ஊட்ல கேளு. என்னாண்ட கேட்டா?"

அடுத்து சோதனைக்கூடத்தின் மேல் சந்தேகம். அம்பத்தூரில் வேறொன்றில் ரத்தம் கொடுக்க வைத்தேன். அங்கும் அதே எண்.

ஜூனில் ஒருநாள் மழையால் என் காலை நடை தவறியது. அவள் மாத்திரையை வாயில் போட்டு டம்ளரை எடுத்தாள். ஆவி பறந்தது.

"என்ன அது?"

"காப்பித்தண்ணி."

"தண்ணியோட போடணும்னு டாக்டர் சொன்னாங்கல்ல?"

"இது மட்டும் என்னவாம்? தண்ணிதானே!"

அவள் ஊர்ப்பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னபோது சிரித்தே விட்டார். காப்பி, மாத்திரையை ரத்தத்தில் சேரவிடாதாம். பச்சைத் தண்ணீரில் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி. நூறு இப்போதைக்கு வேண்டாம்.

அன்றிலிருந்து அந்த ஒரு மணி நேரமும் எதிரில் உட்கார்ந்தேன்.

"அங்க நட்டு, இங்க நானா?" என்று முறைத்தாள்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் போர்வையை உதறினாள். "ஏங்க, புழுங்குது. ஃபேனை நாலுல வைங்க."

ரத்தப் பரிசோதனை முடிவு வராமல் எதையும் நம்பக்கூடாது என்றிருந்தேன். ஆனாலும் எழுந்துபோய் ஐந்தில் வைத்தேன்.