சேற்றிலிருந்து வந்த குறடு

இணுவிலில் அண்ணை ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். நானும் அண்ணியும் சமையலைப் பார்த்துக்கொள்கிறோம். கடைக்குப் புதிதாக வெள்ளையடித்தபோது, பழைய இரும்பு வாங்கி விற்கும் ஒருவரிடம் அடுப்படிச் சாமான்கள் சில வாங்கிவந்து அண்ணை சுவரில் மாட்டினார். ஒரு தாச்சிச் சட்டி, ஒரு ஊதுகுழல், கொதிக்கிற பானையைப் பிடித்து இறக்கும் நீளக் குறடு. எல்லாம் கொல்லன் கையால் அடித்த கனத்த இரும்பு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அவற்றின் முன் நின்று படம் எடுப்பார்கள்.

ஒரு மத்தியானம், தெல்லிப்பழைப் பக்கத்து அக்கா ஒருவர் சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவர், அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார். ஈரக்கையால் குறடு முழுவதையும் தடவினார்.

அடுத்த நாளும் வந்தார். பிறகும் வந்தார். ஒரு தேத்தண்ணி சொல்லி, அதை ஆறவிட்டு, சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"உவ ஏன் உப்பிடிப் பாக்கிறா? எனக்குப் பயமாக் கிடக்கு. உந்தக் குறட்டைக் கழட்டி வையுங்கோ," என்றார் அண்ணி.

அண்ணை அவரிடமே போனார். "அக்கா, உங்கடை சாமானெண்டால் கொண்டு போங்கோ."

"எங்கடைதான். குறட்டின்ரை ஒரு கால் உடைஞ்சு ஆணி அடிச்சுப் பொருத்தினது. எனக்கு வேண்டாம் தம்பி." குரல் தாழ்ந்தே இருந்தது. "ஷெல்லடிக்கு நாங்கள் ஊரைவிட்டு ஓடேக்கை அம்மா வரேல்லை. மாடு நிறைசினை, கண்டு போடப்போகுது, விட்டிட்டு வரமாட்டன் எண்டவ. பிறகு ஆளைக் காணேல்லை. ஊருக்குத் திரும்பினதும் எங்கடை கிணத்தையும் இறைச்சுப் பாத்தம். இதை எங்கையிருந்து எடுத்தவை எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ."

அண்ணை வியாபாரிக்குப் போன் எடுத்தார். "உதை ஏன் இப்ப கேக்கிறியள்?" என்று போனை வைத்தவர், பிறகு எடுக்கவே இல்லை. நாங்கள் பண்டத்தரிப்பிலுள்ள அவர் வீட்டுக்கே போனோம். விஷயத்தைச் சொன்னதும் அவருடைய மனைவி பிள்ளைகளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"ஆமி விடுவிச்ச காணியளிலை கிணறு துப்பரவாக்கப் போறனான். தெல்லிப்பழையிலை ஒரு கிணத்துச் சேத்துக்கை கிடந்தது."

"வேறை என்ன கிடந்தது?" என்று கேட்டேன்.

அவர் நிலத்தைப் பார்த்தார். "நான் இரும்பை மட்டும்தான் எடுத்தனான் தங்கச்சி. காணிக்காரர் மிச்சத்தை அப்பிடியே மூடச் சொன்னவர். மூடிப்போட்டம்."

அக்காவிடம் நான்தான் சொன்னேன்.

"பக்கத்துக் காணிப் பூவரசடிக் கிணறாத்தான் இருக்கும். மாட்டுக்குக் கஞ்சி இறக்கின குறட்டோடையே தண்ணி அள்ள அங்கைதான் போறவ," என்றார். அழவில்லை. அன்றைக்குத்தான் தேத்தண்ணியை முழுவதும் குடித்தார்.

வெளிநாட்டிலிருக்கும் காணிக்காரரிடம் போனில் கெஞ்சிப் பார்த்தோம். வீட்டு வேலை தொடங்கியாயிற்று, தோண்ட விடமாட்டேன் என்றார். இப்போது அங்கே மாடி வீடு. கிணறு இருந்த இடத்தில் கார் நிறுத்தச் சீமெந்து போட்டிருக்கிறார்கள். போன மாதம் அக்காவுடன் போனேன். கேற்றுக்கு வெளியே கற்பூரம் கொளுத்திவிட்டு நின்றார். அது எரிந்து முடியும்வரை உள்ளே ஒரு நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. வீட்டிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.